சங்கத்தில் இருப்பது ஐந்து மாதச் சந்தா, ரோட்டுக்குக் கேட்பது முப்பது மாதச் சந்தா: எதிலிருந்து தொடங்குவது?

புதிய பொருளாளர் (கேள்வி)

வணக்கம். எங்கள் மனை உரிமையாளர் சங்கத்துக்கு இரண்டு மாதம் முன்பு என்னைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். இருபத்தாறு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவள் என்பதால் எல்லாரும் என் பக்கமே கைகாட்டிவிட்டார்கள். வரவு செலவு எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ரோடுதான் தெரியாத பாடம். எங்கள் சங்கத்தில் இந்த இரண்டும் பின்னிக் கிடப்பதால் சேர்த்தே கேட்கிறேன்.

மொத்தம் 64 மனை. 41-இல் வீடு கட்டியிருக்கிறார்கள், 23 காலி. நடுத்தெரு 420 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். அதிலிருந்து மூன்று குறுக்குத் தெரு பிரிகிறது. ஒவ்வொன்றும் 110 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். எல்லாமே தார் ரோடு. போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ரோடு, வடிகால், தெருவிளக்கு மூன்றும் சங்கத்தின் பொறுப்பு, உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படவில்லை. பத்திரத்தையும் லேஅவுட் வரைபடத்தையும் எடுத்து, முதல் வேலையாக இதை உறுதி செய்துகொண்டேன்.

பொறுப்பேற்ற அன்று என் கைக்கு வந்தவை ஒரு நீள நோட்டு, பில்கள் அடைத்த ஒரு துணிப்பை, ஒரு பாஸ்புக். மூன்று இரவு உட்கார்ந்து பில்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். யாரும் பணத்தில் கை வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் காவலாளி சம்பளம், விளக்குக் கட்டணம், ரோடு எல்லாம் ஒரே கணக்கில் கலந்து கிடக்கிறது. "ரோடு வேலை" என்று மட்டும் நான்கு வரி இருக்கிறது. எந்த இடத்தில், எத்தனை சதுர மீட்டர், என்ன போட்டார்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

தொகையைச் சொன்னால் வெவ்வேறு இடங்களில் இருக்கும் உங்களுக்குப் பயன்படாது. எல்லாவற்றையும் மாதச் சந்தாவிலேயே சொல்கிறேன். ஒரு மாதச் சந்தா என்றால் 64 மனைக்காரர்களும் ஒழுங்காகக் கட்டினால் ஒரு மாதத்தில் சேரும் பணம். கடந்த மூன்று வருடத்தில் ரோட்டுக்குப் போனது ஏழு மாதச் சந்தா. இன்றைய கையிருப்பு ஐந்து மாதச் சந்தா. 19 மனைக்காரர்கள் பாக்கி வைத்திருக்கிறார்கள், அதில் 14 காலி மனை.

அந்த நான்கு வரியும் எந்த இடம் என்று தெருவில் விசாரித்தேன். நான்குமே 17-ஆம் எண் வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கும் ஒரே பள்ளம். அடைப்பார்கள், மழை வரும், பெயர்ந்துவிடும். போன மாதம் ஒரு மாலை மழை விட்ட நேரம், பள்ளம் நிறையத் தண்ணீர் நின்று ரோடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா, எழுபது வயது, அதில் காலை வைத்து விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் அவரைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறேன். எங்கள் சங்கத்தின் பணம் அந்தப் பள்ளத்துக்குள் நான்கு முறை போயிருக்கிறது, ஆனாலும் அவர் கை முறிந்திருக்கிறது. அதை என்னால் சும்மா விட முடியவில்லை.

செயற்குழு ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறது. "ரோடு முழுவதும் புதிதாகப் போட" என்று ஒரே வரி, அதன் எதிரே ஒரு தொகை. அது முப்பது மாதச் சந்தா. சிலர் இதை எல்லாரிடமும் ஒரே தடவையாக வசூலித்துவிடலாம் என்கிறார்கள். சிலர் பள்ளத்தை மட்டும் மறுபடி அடைத்தால் போதும் என்கிறார்கள். மூன்றாம் குறுக்குத் தெருக்காரர்கள், "எங்கள் தெரு நன்றாகத்தானே இருக்கிறது, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள்.

பொதுக்குழுவுக்கு இன்னும் ஐந்து வாரம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: எதிலிருந்து தொடங்குவது?

ரோடு மேற்பார்வையாளர் (ஓய்வு)

அம்மா, வணக்கம். 31 வருடம் ரோடு வேலையிலேயே கழித்தவன் நான். முதலில் அந்தப் பள்ளத்தைப் பற்றிப் பேசிவிடலாம். நான்கு தடவை அடைத்தும் அதே இடம் பெயர்கிறது என்றால் கோளாறு மேலே இல்லை, அடியில் இருக்கிறது. அங்கே தண்ணீர் நிற்கிறது. சுமையைத் தாங்குவது தார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் தாங்குவது அடியில் உள்ள மண். தாரும் ஜல்லியும் சுமையைப் பரப்பிக் கொடுக்கும், மண் நனையாமல் காக்கும். இருநூறு வருடம் முன்பு ஸ்காட்லாந்து ரோடு பொறியாளர் மெக்கடம் சொன்னதும் இதுதான்: மண்ணைக் காய்ந்த நிலையில் வைத்துக்கொள், ரோடு நிற்கும். நனைந்த மண் மேல் எதைப் போட்டாலும் அது களிமேல் வைத்த பலகைதான்.

அதனால் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடும் முன்பு நீங்களே ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, வடிகாலுக்குள் விழுகிறதா, வடிகாலிலிருந்து வெளியே எதிர்த்து வருகிறதா என்று பாருங்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போய், இன்னும் நிற்கும் தண்ணீரைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோடுகள்தான் உங்கள் ரோட்டின் நோய்க் குறிப்பு.

காய்ந்த பிறகு கயிறு பிடித்துப் பாருங்கள். ரோட்டின் நடு முதுகு இரண்டு ஓரத்தையும்விட உயர்ந்திருக்க வேண்டும். தார் ரோட்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரை வரை சரிவு வைப்பது வழக்கம். உங்கள் ரோடு 5 மீட்டர், பாதி இரண்டரை மீட்டர். அப்படியானால் நடுவில் 5 சென்டிமீட்டராவது மேடு இருக்க வேண்டும். ஓரங்களில் ஒரே உயரமாக இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் கயிறை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். ஓரத்தில் கயிற்றுக்கும் ரோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள், நடுவிலும் அளங்கள். நடுவில் 5 சென்டிமீட்டர் குறைந்தால் சரிவு சரி. இரண்டு இடத்திலும் ஒரே அளவு வந்தால் முதுகு போய்விட்டது. நடுவில் அதிகம் வந்தால் ரோடு தொட்டியாகிவிட்டது.

அப்புறம் விரிசல். மெல்லிய கோடாக, நீளமாக, ஒன்றையொன்று சேராமல் ஓடினால் அது மேல்தோல் விரிசல். வெயிலும் காற்றும் பட்டுத் தார் இறுகிப்போய், கறுப்பு மங்கிச் சாம்பல் நிறமாகி வெடிக்கிறது. அதைத் துடைத்துச் சூடான தார் ஊற்றி அடைத்துவிட்டால் தண்ணீர் இறங்காது. ரோட்டு வேலையிலேயே செலவு குறைந்த வேலை இதுதான், எல்லாரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான். ஆனால் விரிசல்கள் ஒன்றோடொன்று பின்னி, சின்னச் சின்னக் கட்டமாக முதலைத் தோல்போல இருந்தால், அடித்தளமே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே மேலே மட்டும் புதுத் தார் போட்டால் கீழே உள்ள விரிசல் கொஞ்ச நாளில் மேலே ஏறி வந்துவிடும். தோண்டித்தான் ஆக வேண்டும். உங்கள் கொட்டேஷனில் "புதிதாகப் போட" என்று இருக்கிறதே, தோண்டுவாரா, மேலேயே பூசிவிட்டுப் போவாரா? அந்த ஒரு கேள்விக்கே தொகை தலைகீழாக மாறும்.

மேலேயே போடுவதில் இன்னொரு வினையும் உண்டு. ஒவ்வொரு தடவையும் ரோடு நாலு சென்டிமீட்டர் ஏறும். மூன்று தடவை போட்டால் வீட்டு வாசல் கீழே போய்விடும், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். மேன்ஹோல் மூடிகள் புதைந்து அதுவே பள்ளமாகும். மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூடிகளை உயர்த்துவதையும் வாசல் மட்டத்தையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

பள்ளம் அடைப்பதற்கும் முறை இருக்கிறது. பள்ளத்தைச் சுற்றி உறுதியான இடம் வரைக்கும் சதுரமாக வெட்ட வேண்டும், ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும். சேறும் தூசியும் ஒரு துளி இல்லாமல் எடுத்து, காயவிட்டு, அடியிலும் ஓரத்திலும் தார்ப்பூச்சு கொடுத்து, அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். மண்வெட்டியால் ஈரப் பள்ளத்தில் கலவையைக் கொட்டி, வண்டிச் சக்கரம் ஏறி அமுக்கட்டும் என்று விட்டுப் போனால் அடுத்த மழைக்குக் கழன்று வந்துவிடும். உங்கள் பள்ளத்துக்கு நான்கு தடவையும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கனரக வண்டியையும் கணக்கில் சேருங்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாயில் லாரிகளை ஓடவிட்டு ஒரு பெரிய ரோடு சோதனை நடத்தினார்கள். அதிலிருந்து வந்ததுதான் நான்காம் அடுக்கு விதி: அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஆகும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. ஓர் அச்சுக்கு 1 டன் வரும் வண்டியையும் 8 டன் வரும் லாரியையும் வைத்துப் பாருங்கள். நீங்கள் கணக்கு டீச்சர், எட்டின் நான்காம் அடுக்கு 4096 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். உங்கள் 23 காலி மனையிலும் வீடு எழும்பும்போது மணலும் ஜல்லியும் கம்பியும் இந்த ரோட்டில்தான் வரும். கட்டுமானம் தொடங்குபவரிடம் ரோட்டுக்காக ஒரு காப்புத் தொகை வாங்கி வைத்து, வேலை முடிந்து ரோடு நன்றாக இருந்தால் திருப்பிக் கொடுப்பது பல சங்கங்களில் இருக்கும் ஏற்பாடு.

காலி மனைக்காரர்

மேடம், நான் வேறொரு சங்கத்தில் காலி மனை வைத்திருப்பவன். நாலு வருடம் சந்தா கட்டவில்லை. இங்கே பலரும் பாக்கிக்காரர்களைத் திட்டுவதைப் படித்திருக்கிறேன், அதனால் என் பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் அங்கே குடியிருக்கவில்லை. விளக்கு எரிகிறதா என்று எனக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு தடவை வரும் தகவல், "இவ்வளவு பாக்கி, உடனே கட்டவும்" என்ற ஒரு வரிதான். போன வருடப் பணம் என்ன ஆனது என்று இரண்டு முறை கேட்டேன், பதில் இல்லை. அதோடு விட்டுவிட்டேன். போன வருடம் ஒரு புதிய செயலாளர் வந்தார். என் மனைக்கு முன்னால் வடிகால் கட்டிய படம் இரண்டு, அதற்கான பில், முழு வருட வரவு செலவு ஒரு பக்கம், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினார். பாக்கியை ஆறு தவணையாகக் கட்டலாம் என்று கீழே எழுதியிருந்தார். அந்த வாரமே முதல் தவணையைக் கட்டினேன்.

உங்கள் 14 பேருக்கும் கேட்புக் கடிதத்துக்கு முன்னால் கணக்கை அனுப்பிப் பாருங்கள். எல்லாரும் கட்டுவார்கள் என்று சொல்லமாட்டேன். என்னைப் போலச் சிலர் நிச்சயம் இருப்பார்கள்.

முன்னாள் பொருளாளர்

சகோதரி, ரோட்டைப் பற்றி ஐயா எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரே தடவை வசூல் என்ற தீர்மானத்தை எங்கள் சங்கத்தில் நான்தான் கொண்டுவந்தேன், அதன் வலி எனக்குத் தெரியும்.

52 வீடு. பெரிய தொகை, ஒரு மாதக் கெடு. 41 பேர் கட்டினார்கள். மீதி 11 பேரில் இரண்டு பேர்தான் வம்புக்காக மறுத்தவர்கள். மற்றவர்களிடம் பணம் இல்லை. ஒருவர் வீட்டில் மருத்துவச் செலவு, ஒருவருக்கு வேலை போயிருந்தது. வந்த பணத்தை வைத்து வேலையைத் தொடங்கினோம். முக்கால்வாசி ரோடு போட்டதும் பணம் தீர்ந்தது. ஒப்பந்தக்காரர் ரோலரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். புதுசும் பழசும் சேர்ந்த இடத்தில் முதல் மழையிலேயே வெடிப்பு விட்டது. அதைவிட வருத்தம், கட்ட முடியாதவர்களில் ஒருவர் தெருவில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். என் தீர்மானம் அவருக்கு அதைச் செய்தது. நான் இன்னும் அதை மறக்கவில்லை.

இன்று நான் பொருளாளராக இருந்தால் முதலில் வங்கிக் கணக்கை இரண்டாகப் பிரிப்பேன். ஒன்று நடப்புச் செலவுக்கு, ஒன்று ரோட்டுக்கும் வடிகாலுக்கும் மட்டும். இரண்டாவதிலிருந்து பணம் எடுக்கச் செயற்குழுத் தீர்மானமும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று பொதுக்குழுவில் நிறைவேற்றிவிடுங்கள். காவலாளி சம்பளத்துக்குக் குறைகிறது என்று அதைத் தொடவே கூடாது. தொட்டால் அது திரும்பி வராது. உங்கள் ஐந்து மாதக் கையிருப்பில் மூன்று மாதத்தை நடப்புக்கு வைத்துக்கொண்டு இரண்டு மாதத்தை ரோட்டுக் கணக்கில் போடலாம்.

மாதம் எவ்வளவு சேர்ப்பது? ரோடு போட முப்பது மாதச் சந்தா, அது பத்து வருடம் உழைக்கும் என்று வையுங்கள். வருடத்துக்கு மூன்று மாதச் சந்தா, அதாவது ஒவ்வொரு மாதச் சந்தாவிலும் கால் பங்கு. இந்தக் கால் பங்கை உங்கள் சங்கம் முதல் நாளிலிருந்தே ஒதுக்கியிருந்தால் இன்று யாரிடமும் கைநீட்ட வேண்டியிருந்திருக்காது. ஆனால் விலை அப்படியே நிற்காது. அதனால் ஒவ்வொரு வருடமும் புதிதாக விலை கேட்டு, இன்றைய செலவிலிருந்து கையில் சேர்ந்ததைக் கழித்து, மீதியுள்ள வருடத்தால் வகுக்க வேண்டும். மூன்று வருடம் கழித்துச் செலவு 36 மாதச் சந்தாவாகிவிட்டது, கையில் 9 இருக்கிறது என்றால், மீதி 27-ஐ ஏழால் வகுங்கள். மூன்றுக்குப் பதில் 3.9 வருகிறது. சந்தாவை அப்போதே கொஞ்சம் ஏற்றிவிடலாம். கடைசி வருடத்தில் இடி விழுந்த மாதிரி இருக்காது.

பாக்கியைக் கையிருப்பாக எண்ணித் திட்டம் போடாதீர்கள். அது வந்த பிறகுதான் பணம்.

ஒப்பந்தக்காரர்களைப் பொறுத்தவரை, அவர்கள் எழுதித் தருவதை ஒப்பிடவே முடியாது. நீங்கள் ஒரு தாள் எழுதி மூன்று பேருக்கும் அதையே கொடுத்து விலை கேளுங்கள்: எந்தத் தெரு, எத்தனை மீட்டர், ரோலர் ஓடி இறுகிய பிறகு எத்தனை சென்டிமீட்டர் கனம், எங்கே தோண்ட வேண்டும், மூடிகள், வடிகால். செயற்குழுவில் யாருக்காவது உறவினர் விலை கொடுத்தால் அவர் அந்தக் கூட்டத்தில் ஓட்டுப் போடாமல் எழுந்து போக வேண்டும், அது நடவடிக்கைக் குறிப்பிலும் ஏற வேண்டும். அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும். மற்றதெல்லாம் அளந்த பிறகு. நூற்றுக்குப் பத்தைப் பிடித்து வைத்து, ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாம் தெருக்காரர்களிடம் கோபம் வேண்டாம். அவர்கள் வீட்டுக்குப் போவதும் நடுத்தெரு வழியாகத்தான். இருந்தாலும் துணைவிதியில் பங்கு எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்: மனைக்கு ஒன்றா, பரப்பளவுப்படியா. அதை மாற்றி வசூலித்தால் பிறகு ஒருவர் கேள்வி கேட்டாலும் பதில் இருக்காது.

ரோடு மேற்பார்வையாளர் (ஓய்வு)

கனத்தைப் பற்றி முன்னாள் பொருளாளர் ஐயா சொன்னது முக்கியம், அதை அளக்க ஒரு வழி சொல்கிறேன். இறுகிய தார்க் கலவை ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.35 டன். உங்கள் நடுத்தெரு 420 மீட்டர், 5 மீட்டர், கனம் 4 சென்டிமீட்டர் என்றால் 84 கன மீட்டர், கிட்டத்தட்ட 197 டன். வரும் ஒவ்வொரு லாரியின் எடைச் சீட்டையும் கேட்டு வாங்கிக் கூட்டுங்கள். 130 டன்தான் வந்தது என்றால் கனம் எங்கே போனது என்று கேட்க வேண்டியதுதான். வேலை நடக்கும்போது கொட்டிப் பரப்பிய கலவையில் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். ரோலர் ஓடும் முன் 5 சென்டிமீட்டர் இருந்தால்தான் இறுகி 4 ஆகும். சூடும் பாருங்கள். 140, 150 டிகிரி வாக்கில் வந்து இறங்க வேண்டும், 85-க்குக் கீழே போய்விட்டால் ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் இறுகாது. தூரத்திலிருந்து வந்து ஆறிப்போன லாரியைத் திருப்பி அனுப்பத் தயங்கக் கூடாது.

புதிய பொருளாளர்

ஐயா, சகோதரர்களே, ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்றுப் பொதுக்குழு முடிந்தது.

மழையில் நடந்தேன். என்னோடு பத்தாவது படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் சாக்பீஸோடு வந்தார்கள். 17-ஆம் எண்ணுக்கு எதிரே வடிகாலிலிருந்து தண்ணீர் ரோட்டுக்கு எதிர்த்து ஏறி வந்தது. அங்கிருந்து முப்பது அடி தள்ளி ரோட்டைக் குறுக்கே கடக்கும் குழாய் ஒன்று இருக்கிறது, அப்படி ஒன்று இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. வாய் முழுக்கக் கட்டுமான மணலும் சிமென்ட் சாக்கும் அடைத்துக் கிடந்தது. இரண்டு பேர் ஒரு நாள் முழுவதும் மூங்கில் கழியும் வாளியும் வைத்து எடுத்தார்கள். அந்தக் கூலி ஒரு மாதச் சந்தாவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த மழைக்கு அந்த இடத்தில் தண்ணீர் தேங்கவில்லை. மூன்று வருடமாகத் தாரைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம், குழாயை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பள்ளத்தைச் சுற்றி இப்போதைக்குத் தடுப்பும் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறோம்.

கயிறு பிடித்ததில் நடுத்தெருவில் 60 மீட்டர் நீளத்துக்கு முதுகே இல்லை, ஓரிடத்தில் நடு 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. முதலைத் தோலும் அந்த 60 மீட்டரில்தான். குறுக்குத் தெருக்களில் இருப்பது மெல்லிய விரிசல். அதனால் பொதுக்குழுவில் மூன்று கட்டமாக வைத்தேன்: இந்த வருடம் வடிகாலும் விரிசல் அடைப்பும், காய்ந்த காலம் வந்ததும் அந்த 60 மீட்டர், மீதியை ரோட்டுக் கணக்கில் சேரச் சேர. முதல் விரிசல் அடைப்பு மூன்றாம் தெருவிலிருந்து தொடங்கும் என்றதும் அங்கிருந்து எதிர்ப்பு வரவில்லை. அவர்கள் ரோடு நன்றாக இருக்கிறது, அது அப்படியே இருக்கத்தான் இந்தச் செலவு என்று சொன்னேன். வந்திருந்த 45 பேரில் 37 பேர் இரண்டு கணக்குக்கும் கால் பங்குக்கும் கைதூக்கினார்கள். கட்டுமானக் காப்புத் தொகையும் நிறைவேறியது.

காலி மனைக்காரர் சொன்னபடி 19 பேருக்கும் கணக்கையும் குழாயின் படத்தையும் அனுப்பினேன். எட்டுப் பேர் தவணை தொடங்கிவிட்டார்கள். ஒருவர், "பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக எனக்குக் கணக்கு வந்திருக்கிறது" என்று எழுதியிருந்தார். அதைப் படித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒரே வரி கொட்டேஷன் தந்தவருக்கும் எங்கள் தாளைக் கொடுத்தோம். 4 சென்டிமீட்டர் என்று பார்த்ததும், தான் கணக்குப் போட்டது இரண்டரைக்குத்தான் என்றார்.

ஐயா, ஒரு சந்தேகம் மிச்சம். அந்த 60 மீட்டரைத் தோண்டிய பிறகு அடித்தளம் சரியாக இறுகிவிட்டது என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

ரோடு மேற்பார்வையாளர் (ஓய்வு)

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அம்மா. தோண்டியதும் ஈர மண், களிமண், பழைய குப்பை எது இருந்தாலும் முழுக்க எடுக்கச் சொல்லுங்கள். நல்ல மண்ணும் ஜல்லியும் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக உருட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே உருட்டினால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும். இரவு மழை வரும்போல இருந்தால் குழியைத் திறந்தே விட்டுப் போகவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்து தார் போடும் முன்பு, சுமை ஏற்றிய ஒரு லாரியை அந்த 60 மீட்டரில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நடந்துகொண்டே பின்சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்துக்கு அடியில் தரை அமுங்கி, தாண்டியதும் மேலே எழும்பினால் அங்கே இன்னும் ஈரம் இருக்கிறது, அல்லது சரியாக இறுகவில்லை. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதை மறுபடி தோண்டி நிரப்பும் வரை தார் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.